கிளி ஆணா? பெண்ணா?

காஞ்சீபுரத்தில் கிளி இல்லாத இடம் இல்லை. காமாட்சி அம்மன் படத்தில் கிளி இருக்கிறது. பட்டுப் புடவையின் கரையில் கிளி இருக்கிறது. புடவை நிறங்களில் ஒன்றுக்குப் பெயரே "கிளிப்பச்சை"! கோபுரத்துப் பொந்துகளிலும் கிளிகள் குடித்தனம் நடத்துகின்றன.

இவற்றில் எது ஆண், எது பெண் என்று கேட்டால், பலர் விழிப்பார்கள்.

தமிழில் கிளி என்றாலே பெண்தான். அழகான பெண்ணை, "கிளி மாதிரி இருக்கிறாள்" என்கிறார்கள். மகளைத் தகாத இடத்தில் கட்டிக் கொடுத்து விட்டால், "கிளியை வளர்த்துப் பூனை கையில் கொடுத்தோமே" என்று வருந்துகிறார்கள். ஆனால் காலண்டர் படங்களில் அம்மன் கையில் இருக்கும் கிளியைக் கூர்ந்து பாருங்கள். கழுத்தில் கறுப்பும் சிவப்புமாக ஒரு வளையம் எழுதியிருந்தால், அது ஆண் கிளி. மனிதரில் அட்டிகை பெண்ணுக்கு. கிளியிலோ அட்டிகை ஆணுக்கு!

புடவைக் கிளியின் கதை வேறு. கரையில் இரண்டு கிளிகள் எதிர் எதிரே மூக்கை நீட்டிக் கொண்டு நிற்கும். "ஜோடிக் கிளி" என்று சொல்லித்தான் விற்பார்கள். ஆனால் தறியின் மேலே ஜக்கார்டு பெட்டியில் தொங்கும் அட்டைகளில் உள்ள துளைகள்தான் அந்தக் கிளிக்கு உருவம் கொடுக்கின்றன. ஒரே உருவத்தை இடமும் வலமும் திருப்பிப் போட்டால், ஜோடி வந்து விடுகிறது. ஆகவே ஒன்றுக்கு வளையம் இருந்தால் மற்றதுக்கும் இருக்கும். இரண்டும் ஆண், அல்லது இரண்டும் பெண்!

புடவையில் இது வேடிக்கை. கூண்டில் வேடிக்கை அல்ல. ஆணா பெண்ணா என்று தெரியாத குஞ்சுகளை, தெரிந்தது போலச் சொல்லி விற்கிறார்கள். பெண் பறவை என்று தெரியாததால், வயிற்றில் முட்டை அடைத்துப் பறவைகள் சாகின்றன. போதாததற்கு, பச்சைக்கிளியை வீட்டில் வைத்திருப்பதே குற்றம் என்று சட்டம் சொல்கிறது. இது தெரியாமல் மாட்டிக் கொண்டவர்களும் உண்டு.

மூன்று வருஷம் பொறுக்க வேண்டும்

நம் ஊர்ப் பச்சைக்கிளியில் ஆணையும் பெண்ணையும் கண்டுபிடிக்க, கழுத்தைப் பார்த்தால் போதும். ஆணுக்குத் தாடைக்குக் கீழே கறுப்புக் கோடு தொடங்கும். அது கழுத்தைச் சுற்றிக் கொண்டு போகும். பிடரியில் ரோஜா நிறம் தெரியும். பெண்ணுக்கு இந்த வளையம் கிடையாது. உற்றுப் பார்த்தால் மங்கலான பச்சை நிழல் போல ஒன்று தெரியலாம்.

இவ்வளவு சுலபமான அடையாளம் இருக்கும்போது, குழப்பம் எங்கே வருகிறது? வயதில் வருகிறது.

ஆண் கிளிக்குப் பிறந்தவுடன் வளையம் வருவதில்லை. ஒன்றரை வருஷம் ஆன பிறகு மெல்லத் தோன்றும். சில கிளிகளுக்கு மூன்று வருஷம் கூட ஆகும். அதுவரை ஆண் குஞ்சும் பெண் குஞ்சும் ஒன்று போலவே இருக்கும். ஆகவே வளையம் இருந்தால் ஆண் என்று அடித்துச் சொல்லலாம். வளையம் இல்லாவிட்டால் பெண் என்று சொல்ல முடியாது. அது பெண்ணாகவும் இருக்கலாம், வயது வராத ஆணாகவும் இருக்கலாம்.

கிளி பிடிப்பவர்கள் வளர்ந்த கிளியை விரும்புவதில்லை. அது பழகாது, கடிக்கும். அவர்களுக்கு வேண்டியது குஞ்சு. குளிர்காலம் முடிந்து வெயில் ஏறும் மாதங்களில் மரப் பொந்துகளில் குஞ்சுகள் இருக்கும். சிறகு முளைப்பதற்குள் அவற்றை எடுத்து விடுகிறார்கள். ஆண் என்றோ பெண் என்றோ பார்வையில் சொல்லவே முடியாத வயது அது.

அந்த நிலையில் பேரம் எப்படி நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

"ஆண் கிளிதானே, அய்யா?"

"சந்தேகமே வேண்டாம், அம்மா. சுத்தமான ஆண். ஆறே மாதத்தில் உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிடும்!"

ஏன் ஆண் கிளியையே கேட்கிறார்கள்? ஆண் கிளிதான் பேசும் என்று ஓர் எண்ணம். அது சரியல்ல. பச்சைக்கிளியில் பெண்ணும் பேசும். குஞ்சிலிருந்து மனிதரோடு பழகினால் இரண்டும் பேசும். பழகாவிட்டால் இரண்டும் கத்தும், அவ்வளவுதான்.

வளையம் வருகிறதா என்று வாங்கியவர் பார்த்துக் கொண்டே இருப்பார். இரண்டு வருஷம் போகும், மூன்று வருஷம் போகும். அதற்குள் விற்றவர் எந்த ஊரில் இருக்கிறாரோ!

ஊசி சுற்றுமா?

அடையாளம் தெரியாத இடத்தில் யுக்திகள் பெருகும். கிளி விஷயத்திலும் அப்படித்தான்.

தலை தட்டையாக இருந்தால் ஆண், உருண்டையாக இருந்தால் பெண் என்பார்கள். மூக்கு பெரிதாக இருந்தால் ஆண் என்பார்கள். கோபக்காரக் கிளி ஆண், சாது பெண் என்றும் சொல்வது உண்டு. கடைசியாகச் சொன்னது பச்சைக்கிளிக்கு நேர் விரோதமானது. இந்த இனத்தில் அதிகாரம் பெண்ணிடம். ஆண், அருகில் வரவே யோசிக்கும். தலையை ஆட்டி, கூழைக் கும்பிடு போட்டு, தன் வாயிலிருந்து இரையை எடுத்துக் கொடுத்து, பெண்ணின் தயவைப் பெற வேண்டும். பெண்ணுக்குப் பிடிக்காவிட்டால் ஒரே கொத்து!

நூலில் ஊசியைக் கட்டிப் பறவையின் தலைக்கு மேலே தொங்க விடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஊசி வட்டமாகச் சுற்றினால் ஒன்று, நேராக ஆடினால் இன்னொன்று! ஊசி, பிடித்திருப்பவரின் கை நடுக்கத்துக்கு ஏற்ப ஆடும். பறவைக்கும் ஊசிக்கும் சம்பந்தமே இல்லை. ஆனாலும் பாதிப் பேருக்கு இது சரியாகத்தான் வரும். இரண்டே விடைகள் உள்ள கேள்விக்குக் கண்ணை மூடிக்கொண்டு பதில் சொன்னாலும் பாதி சரியாக வருமே! தவறிய பாதியை ஜனங்கள் மறந்து விடுகிறார்கள். பலித்ததை மட்டும் ஊரெல்லாம் சொல்லுகிறார்கள்.

எலும்பைத் தடவிப் பார்ப்பது கொஞ்சம் அறிவோடு சேர்ந்த முறை. பறவையின் அடிவயிற்றில், எச்சம் போகும் வழிக்குச் சற்று முன்னால், இரண்டு எலும்பு முனைகள் கைக்குத் தட்டுப்படும். பெண்ணுக்கு முட்டை வெளியே வர வேண்டும் அல்லவா? அதனால் முனைகளுக்கு நடுவே இடைவெளி அதிகமாக இருக்கும். ஆணுக்கு நெருக்கமாக இருக்கும். ஆனால் முட்டையிடும் பருவத்தில் உள்ள பெண்ணிடம்தான் இது தெளிவாகத் தெரியும். இளம் பறவையிடம் தெரியாது. முட்டையிடாத காலத்தில் பெரிய பறவையிடமும் தெரியாது. கை பழகாதவர்கள் தடவினால் பறவைக்கு வலிதான் மிச்சம்.

சட்டம் என்ன சொல்கிறது?

பச்சைக்கிளி காட்டு உயிர். வீட்டுப் பறவை அல்ல. 1972ல் வந்த வன உயிர் பாதுகாப்புச் சட்டத்தில் அதற்கு இடம் உண்டு. 1990-91க்குப் பிறகு இந்தியப் பறவைகளைப் பிடித்து விற்பது அடியோடு தடுக்கப்பட்டது. 2022ல் சட்டத்தைத் திருத்தினார்கள். 2023 ஏப்ரல் 1ந் தேதி அது அமலுக்கு வந்தது. முன்பு நாலாவது பட்டியலில் கிடந்த பச்சைக்கிளி, இரண்டாவது பட்டியலுக்கு ஏறியது. குற்றத்துக்கு 3 வருஷம் வரை ஜெயில், அல்லது ரூ.1 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டுமே கிடைக்கலாம்.

"நாங்கள் பிடிக்கவில்லையே, காசு கொடுத்துத்தானே வாங்கினோம்" என்று சொல்லித் தப்ப முடியாது. வைத்திருப்பதே குற்றம். ஆண், பெண் என்ற வித்தியாசமும் சட்டத்துக்குக் கிடையாது!

2023 பிப்ரவரியில் சென்னையில் ஒரு சினிமா நடிகரின் வீட்டிலிருந்து இரண்டு பெரிய பச்சைக்கிளிகளை வனத்துறையினர் எடுத்துச் சென்றார்கள். ரூ.2½ லட்சம் அபராதம் கட்ட வேண்டியிருந்தது. அந்த வருஷம் ஜூலையில், சென்னை, மதுரை முதலிய ஊர்களில் வனத்துறை கெடு வைத்தது. தாங்களாகவே கொண்டு வந்து ஒப்படைத்தால் நடவடிக்கை இல்லை என்று அறிவித்தது. ஜனங்கள் கூண்டும் கையுமாக வந்தார்கள்.

2024 ஏப்ரலில் நடந்தது இன்னும் வேடிக்கை. பாராளுமன்றத் தேர்தல் சமயம். கடலூர்த் தொகுதியில் நின்ற ஒரு வேட்பாளர் கிளி ஜோசியம் பார்த்தார். கிளி சீட்டு எடுத்தது. "வெற்றி உங்களுக்கே" என்றார்கள். செய்தி பரவியது. வனத்துறையினர் வந்து, கிளிகளைப் பறிமுதல் செய்தார்கள். ஜோசியக்காரர்களை எச்சரித்து அனுப்பினார்கள். ஜூனில் ஓட்டு எண்ணியபோது, அந்த வேட்பாளர் தோற்றார். ஊருக்கெல்லாம் ஜோசியம் சொன்ன கிளி, தன் கூண்டுக்கு ஆள் வருவதைச் சொல்லவில்லை!

கிளி ஜோசியம் ஏழைகளின் பிழைப்பு. அவர்கள் மேல் மட்டும் சட்டம் பாய்கிறதே என்று அப்பொழுது சிலர் கேட்டார்கள். கேள்வி நியாயமானதுதான். ஆனால் ஒரு கூண்டுக் கிளிக்குப் பின்னால் எத்தனை குஞ்சுகள் வழியிலேயே செத்திருக்கும் என்பதையும் எண்ண வேண்டும். பொந்திலிருந்து எடுத்தவுடன் குஞ்சுக்குத் தாயின் சூடு போய் விடுகிறது. சாக்கிலும் அட்டைப் பெட்டியிலும் அடைத்து, பஸ்ஸிலும் ரயிலிலும் கொண்டு போகிறார்கள். கடைக்கு வந்து சேருவது மிச்சம்தான்.

மூக்கைப் பார்

பச்சைக்கிளி வேண்டாம் என்றால், வேறு எதை வளர்ப்பது? வெளிநாட்டிலிருந்து வந்து, கூண்டிலேயே தலைமுறை தலைமுறையாகப் பிறந்து வளர்ந்த இனங்கள் உண்டு. "லவ் பேர்ட்ஸ்" என்று நம்மவர்கள் அழைக்கும் சின்னஞ் சிறு பறவை அவற்றில் ஒன்று. அதன் சரியான பெயர் பட்ஜரிகர். சொந்த நாடு ஆஸ்திரேலியா. அதுவும் கிளி ஜாதிதான்.

பட்ஜரிகருக்கு அடையாளம் மூக்கில். அலகுக்கு மேலே, மூக்குத் துவாரங்களைச் சுற்றி மெழுகு பூசியது போல ஒரு தடித்த தோல் இருக்கும். வளர்ந்த ஆணுக்கு அது நீலம். வளர்ந்த பெண்ணுக்குப் பழுப்பு. குஞ்சில் இரண்டுக்கும் இளஞ்சிவப்பாகவோ, ஊதாக் கலப்பாகவோ இருக்கும். முழு மஞ்சள், முழு வெள்ளைப் பறவைகளில் மட்டும் ஏமாந்து போகக் கூடாது. அவற்றில் ஆணுக்கு வயது வந்த பிறகும் மூக்கு நீலம் ஆகாது. இளஞ்சிவப்பாகவே இருக்கும்.

கொண்டை வைத்த காக்டீல் பறவையில், சாம்பல் நிற ஆணுக்கு முகம் மஞ்சள். கன்னத்தில் ஆரஞ்சுப் பொட்டு பளிச்சென்று இருக்கும். பெண்ணுக்கு முகம் மங்கல். வால் அடியில் வரி வரியாகக் கோடுகள் ஓடும். சீட்டியடித்துப் பாடுவது பெரும்பாலும் ஆண்.

கடைக்காரர் இரண்டு பறவைகளைக் கூண்டில் போட்டு, ஒரு பானையும் வைத்து, "ஜோடி" என்று கொடுப்பார். மாதங்கள் போகும். பானையில் பத்து, பன்னிரண்டு முட்டைகள் சேரும். ஒன்றாவது பொரிக்காது. வீட்டில் உள்ளவர்கள் கண்ணேறு என்று நினைத்து மிளகாய் சுற்றிப் போடுவார்கள். விஷயம் சுலபமானது. ஒரு பட்ஜரிகர் பொதுவாக நாலு முதல் ஆறு முட்டை வரை இடும். அதற்கு இரண்டு பங்கு சேர்ந்திருந்தால், இரண்டும் பெண் என்று சந்தேகப்பட வேண்டும். ஆண் இல்லாமலே கோழி முட்டையிடுவது போல, இந்தப் பறவையும் முட்டையிடும். அது குஞ்சாகாது.

இரண்டு ஆண்களைச் சேர்த்து அடைத்தாலும் ஒன்றுக்கு ஒன்று இரை ஊட்டிக் கொண்டு, உரசிக் கொண்டு உட்கார்ந்திருக்கும். பார்ப்பவர்கள் தம்பதி என்றே நினைப்பார்கள்!

தனிப் பறவைக்கும் ஆபத்து

ஒரே ஒரு பறவைதானே, ஆணாக இருந்தால் என்ன, பெண்ணாக இருந்தால் என்ன என்று கேட்கலாம். பறவையின் உயிர் இதில் இருக்கிறது.

தனியாக இருக்கும் பெண்ணும் முட்டையிடும் என்று பார்த்தோம். முட்டை ஓட்டுக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். வெறும் தினையைத் தின்னும் பறவைக்கு அந்தச் சத்து போதாது. அப்பொழுது முட்டை வழியில் அடைத்துக் கொள்ளும். பறவை குச்சியில் உட்காராமல் கூண்டின் தரையில் வந்து, பந்து போல உப்பி உட்காரும். முக்கும். வால் மேலும் கீழும் ஆடும். "ராஜா"வுக்குச் சளி பிடித்திருக்கிறது என்று வீட்டார் நினைப்பார்கள். ஒரு நாள், இரண்டு நாளில் பறவை செத்து விடும். "ராஜா" உண்மையில் ராணி என்று தெரிந்திருந்தால், அன்றைக்கே கால்நடை வைத்தியரிடம் தூக்கிக் கொண்டு ஓடியிருப்பார்கள்.

பெண் பறவை என்று தெரிந்தால், கூண்டில் ஒரு துண்டு கடல் நுரை கட்டித் தொங்க விட வேண்டும். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். பறவை கொறித்துக் கொண்டே இருக்கும். அதில் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. முட்டை அடைத்து விட்டால் வீட்டில் எண்ணெய் விட்டு அமுக்கிப் பார்ப்பது கூடாது. உள்ளே முட்டை உடைந்தால் பிழைக்காது. சூடாக ஓர் இடத்தில் வைத்து, உடனே வைத்தியரிடம் கொண்டு போக வேண்டும். பக்கத்தில் பறவை பார்க்கும் வைத்தியர் இல்லாவிட்டால், சென்னை வேப்பேரியில் 1903ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரி இருக்கிறது. காஞ்சீபுரத்திலிருந்து சுமார் 75 கிலோமீட்டர்.

பச்சை அவன், சிவப்பு அவள்

வளையமும் இல்லாமல், மூக்கு நிறமும் இல்லாமல் இருக்கும் இனங்களும் உண்டு. ஆப்பிரிக்கச் சாம்பல் கிளியும், மக்கா என்ற பெரிய கிளியும் அந்த வகை. ஆணும் பெண்ணும் அச்சில் வார்த்தது போல இருக்கும்.

அதற்கு நேர் மாறான கதையும் ஒன்று உண்டு. நியூகினி பக்கத்தில் எக்லெக்டஸ் என்று ஒரு கிளி இருக்கிறது. அதில் ஒன்று முழுப் பச்சை. இன்னொன்று சிவப்பும் நீலமும். இவை இரண்டும் வேறு வேறு ஜாதி என்று ஐரோப்பிய விஞ்ஞானிகள் சுமார் நூறு வருஷம் எழுதி வந்தார்கள். 1870களில்தான் ஜெர்மானியரான மேயர் என்பவர், பச்சை ஆண், சிவப்பு பெண், இரண்டும் ஒரே ஜாதி என்று காட்டினார். படித்தவர்களே நூறு வருஷம் ஏமாந்தார்கள்!

அடையாளம் இல்லாத பறவைகளுக்கு முன்பு ஆபரேஷன்தான் வழி. மயக்க மருந்து கொடுத்து, இடது விலாவில் சிறு துளை போட்டு, குழாய்க் கண்ணாடி விட்டுப் பார்ப்பார்கள். இடது பக்கம் ஏன்? பெரும்பாலான பெண் பறவைகளுக்குச் சினைப்பை இடது பக்கம் மட்டுமே வளரும். இதில் சரியாகத் தெரியும். ஆனால் மயக்கத்திலிருந்து பறவை எழாமல் போகும் ஆபத்தும் உண்டு.

இப்பொழுது ஆபரேஷன் தேவையில்லை. மார்பிலிருந்து மூன்று நாலு சின்ன இறகுகளை வேரோடு எடுத்து, காகித உறையில் போட்டு அனுப்பினால் போதும். இறகின் வேரில் ஒட்டியிருக்கும் உயிரணுக்களில் மரபணு இருக்கிறது. அதைச் சோதித்துச் சொல்லி விடுகிறார்கள். தனியார் சோதனைக் கூடங்களில் சில நூறு ரூபாயிலிருந்து செலவாகும். ஒரு பறவையின் இறகோடு இன்னொன்றின் இறகு கலந்து விடக் கூடாது. கீழே விழுந்து கிடக்கும் பழைய இறகில் உயிரணு குறைவு. சோதனை தவறலாம்.

சோதனையில் என்ன பார்க்கிறார்கள்? மனிதரில் தகப்பன் கொடுக்கும் அணுதான் பிள்ளை ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கிறது. தாய்க்கு அதில் பங்கு இல்லை. இது தெரியாமல், பெண் குழந்தை பெற்றாள் என்று மருமகளைக் குறை சொன்ன மாமியார்கள் எத்தனை பேர்! பறவையில் இது தலைகீழ். தாய்தான் தீர்மானிக்கிறது. பெண் பறவையிடம் இரண்டு விதமான குரோமோசோம்கள் ஜோடியாக இருக்கும். ஆணிடம் இரண்டும் ஒரே விதம். சோதனைத் தட்டில் பெண்ணுக்கு இரண்டு கோடுகள் தெரியும். ஆணுக்கு ஒரே கோடு. சில இனங்களில் மட்டும் படிப்பது சற்றுக் கஷ்டம். கருவில் இருக்கும் மனிதக் குழந்தையின் பாலைச் சொல்வது 1994ம் வருஷத்துச் சட்டப்படி குற்றம். பறவைக்கு அந்தத் தடை இல்லை. காரணமும் எல்லோருக்கும் தெரியும்.

ஒரே ஓர் இறகு

இந்தச் சோதனை கூண்டு வளர்ப்பவர்களுக்காகப் பிறந்ததல்ல. பிரேசில் நாட்டில் நீல நிற ஸ்பிக்ஸ் மக்கா என்ற கிளி இருந்தது. கிளி வியாபாரிகள் பிடித்துப் பிடித்து, 1990ல் தேடியபோது காட்டில் ஒன்றே ஒன்றுதான் மிச்சம் இருந்தது. தன் இனத்தில் துணை இல்லாமல், அது வேறு ஜாதிக் கிளி ஒன்றோடு சுற்றிக் கொண்டிருந்தது.

கூண்டுகளில் இருந்த சில ஸ்பிக்ஸ் மக்காக்களில் ஒன்றைக் காட்டில் விட்டு, இதற்குத் துணை சேர்க்கலாம் என்று யோசித்தார்கள். ஆண் பறவையை விடுவதா, பெண் பறவையை விடுவதா? காட்டில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்ல முடியாது. பிடித்து ஆபரேஷன் செய்யவும் முடியாது. செத்துப் போனால், இனமே முடிந்தது.

அது உதிர்த்த இறகைப் பொறுக்கி எடுத்தார்கள். இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு விஞ்ஞானிகள் மரபணுவைச் சோதித்து, "ஆண்" என்று சொன்னார்கள். 1995 மார்ச்சில் ஒரு பெண் பறவையைக் காட்டில் விட்டார்கள். சில வாரங்களில் அந்தப் பெண் காணாமல் போய் விட்டது. கடைசி ஆணை 2000 அக்டோபருக்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை. காட்டில் அந்த இனம் அற்றுப் போயிற்று. கூண்டில் பிறந்த எட்டுப் பறவைகளை 2022 ஜூனில் மறுபடி அதே காட்டில் விட்டார்கள். எட்டுப் பறவைகளை விடுவதற்கு, இடையே 20 வருஷத்துக்கு மேல் ஆகி விட்டது. கூண்டில் ஜோடி சேர்க்கும்போது, ஆணா பெண்ணா என்பது சரியாகத் தெரிய வேண்டியிருந்தது.

நம் நாட்டிலும் ஐதராபாத்தில் உள்ள மத்திய சர்க்காரின் உயிரணு ஆராய்ச்சி நிலையத்தில், அழிந்து வரும் பிராணிகளுக்காகத் தனி ஆய்வுக் கூடம் இருக்கிறது. மிருகக்காட்சி சாலைகளுக்கு இந்த மாதிரிச் சோதனை உதவுகிறது. இரண்டு ஆண்களை ஒரே கூண்டில் வைத்துக் கொண்டு, குஞ்சு வரவில்லையே என்று காத்திருக்க வேண்டாம் அல்லவா?

பதிவு செய்தீர்களா?

வெளிநாட்டுக் கிளி வளர்ப்பவர்களுக்கும் இப்பொழுது கட்டுப்பாடு வந்திருக்கிறது. உலக நாடுகள் சேர்ந்து காப்பாற்றும் இனங்களின் பட்டியல் ஒன்று உண்டு. கிளி ஜாதியில் பெரும்பாலானவை அதில் இருக்கின்றன. அந்த இனங்களை வீட்டில் வைத்திருப்பவர்கள் சர்க்காரிடம் பதிவு செய்து கொள்ள வேண்டும் என்று 2024 பிப்ரவரியில் விதி வந்தது. பரிவேஷ் என்ற சர்க்கார் இணையதளத்தில் பதியலாம். குஞ்சு பிறந்தாலும், பறவை இறந்தாலும், கை மாறினாலும் தெரிவிக்க வேண்டும். மக்காவும் ஆப்பிரிக்கச் சாம்பல் கிளியும் இதில் வரும். பட்ஜரிகரும் காக்டீலும் அந்தப் பட்டியலில் இல்லை. அவற்றுக்குப் பதிவு வேண்டாம்.

விலை கொடுத்து மக்கா வாங்குகிறவர், பதிவுத் தாளையும், மரபணுச் சோதனைச் சீட்டையும் கேட்டு வாங்கிக் கொள்வது நல்லது. விற்பவர் "ஆண்" என்று சொல்வதும், சோதனைச் சீட்டு "ஆண்" என்று சொல்வதும் ஒன்று அல்ல. சீட்டில் எழுதிய எண்ணும் பறவையின் கால் வளையத்தில் உள்ள எண்ணும் ஒத்துப் போகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

காஞ்சீபுரத்தில் கோபுரத்திலிருந்தும் மரத்திலிருந்தும் கிளிக் குஞ்சு கீழே விழுவது உண்டு. குழந்தைகள் ஆசையோடு வீட்டுக்குத் தூக்கி வருவார்கள். கூடு எட்டும் உயரத்தில் இருந்தால், குஞ்சைத் திரும்ப அதில் வைத்து விடலாம். மனிதர் தொட்ட குஞ்சைத் தாய் சேர்க்காது என்பது வீண் பயம். கூடு எட்டாவிட்டால், காற்றுத் துளை போட்ட அட்டைப் பெட்டியில் பழந்துணி பரப்பி, குஞ்சை வைத்து, வனத்துறைக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். பாலும் சோறும் ஊட்டக் கூடாது.

வீட்டில் ஏற்கெனவே பச்சைக்கிளி வைத்திருப்பவர்கள், பாவம் என்று நினைத்துக் கூண்டைத் திறந்து விடுவதும் தவறு. சிறகு வெட்டிய கிளி எழும்பாது. தெருவிலேயே பூனைக்கோ காக்கைக்கோ இரையாகும். வெட்டிய சிறகு, பழைய இறகு உதிர்ந்து புது இறகு முளைக்கும்போதுதான் சரியாகும். அதற்குப் பல மாதம் ஆகும். அதுவரை பெரிய கூண்டில் பறந்து பழக வேண்டும். தானாக இரை தேடவும் தெரிய வேண்டும். வனத்துறையிடம் ஒப்படைத்தால் இதைச் செய்து, பறக்கத் தெரிந்த பிறகு வெளியே விடுகிறார்கள்.